முள்ளின் மேல் பழி

பழைய கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் ஒரு தீர்ப்பு கட்டாயம் காதில் விழும். "டேஷ்போர்டு மீட்டரையெல்லாம் நம்பி வண்டி ஓட்ட முடியுமா சார்? பெட்ரோல் முள்ளு அது இஷ்டத்துக்கு நிக்கும், டெம்பரேச்சர் முள்ளு அது இஷ்டத்துக்கு ஏறும். கழட்டிப் போட்டுட்டு டிஜிட்டல் ஒண்ணு மாட்டுங்க." வில்லியனூரில் வீட்டு வாசலில் அம்பாசடர் நிறுத்தியிருப்பவரும் இதைத்தான் சொல்கிறார். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு வரும் பழங்கார்ப் பிரியர்களும் இன்னும் கொஞ்சம் ஆங்கிலம் கலந்து இதையே சொல்கிறார்கள். கூடவே ஒரு துணைத் தீர்ப்பும் உண்டு: சார்ஜ் ஏறவில்லையா, கட்-அவுட் போச்சு, கட்-அவுட் போச்சா, டைனமோவையே தூக்கிவிட்டு ஆல்டர்னேட்டர் வை.

இரண்டும் விசாரணை இல்லாமல் எழுதப்பட்ட தீர்ப்புகள். முள் தவறாகக் காட்டுகிறது என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் மீட்டர் கெட்டுவிட்டது என்ற முடிவு அதிலிருந்து வராது. மீட்டருக்கு வந்து சேரும் வோல்டேஜ், டேங்குக்குள் பெட்ரோல் மட்டத்தை அளக்கும் யூனிட், இவற்றைப் பாடியோடு சேர்க்கும் எர்த் ஆகிய மூன்றையும் பார்த்து முடிக்கும் வரை மீட்டர் மேல் கை வைக்க யாருக்கும் உரிமை இல்லை என்பது என் கட்சி. பார்த்து முடித்தபின் பெரும்பாலும் கை வைக்க வேண்டிய அவசியமே வராது.

இந்தத் தீர்ப்பு நம் ஊருக்கு வந்து சேர்ந்ததில் நகைச்சுவைக்குப் பெரிய பங்கு உண்டு. அம்பாசடரில் ஹாரனைத் தவிர எல்லாம் சத்தம் போடும் என்பது நம் நாட்டு ஜோக். கார் மின்கருவிகள் செய்த லூகாஸ் கம்பெனிக்கு இங்கிலாந்தில் 'இருட்டின் இளவரசன்' என்று பட்டம் சூட்டியிருக்கிறார்கள், ஹெட்லைட் அணைந்துவிடுமாம். இந்த இரண்டாவது ஜோக்கைப் பாகூர்க்காரர் ஒருவர் எடுத்துவிடும்போது எனக்குச் சிரிப்பு வேறொரு காரணத்துக்காக வருகிறது. அந்த லூகாஸ் 1961-இல் டிவிஎஸ் குழுமத்தோடு சேர்ந்து சென்னை பாடியில் தொழிற்சாலை வைத்தது. அதே லூகாஸ்-டிவிஎஸ்ஸின் இன்னொரு ஆலை பாகூருக்குப் பக்கத்து கொம்யூனான நெட்டப்பாக்கத்தில், ஏரிப்பாக்கத்தில் நிற்கிறது. நம்ம ஊர்ப் பிள்ளைகள் ஷிஃப்ட்டுக்குப் போய்வரும் கம்பெனியின் பெயரை வைத்து பர்மிங்காம்காரன் ஜோக்கை நாம் இறக்குமதி செய்துகொண்டிருக்கிறோம்.

ஜோக்கில் உண்மையே இல்லையா என்றால், இருக்கிறது. முப்பது நாற்பது வருடம் ஓடிய வண்டியில் விளக்கு அணையும், முள் விழும். பச்சை பூத்த டெர்மினல், துருப்பிடித்த எர்த் ஸ்க்ரூ, எலி கடித்த ஒயர், இன்சுலேஷன் டேப்பால் முடிச்சுப் போட்ட இணைப்பு என்று காரணத்தை எண்ணினால் நாம் செய்ததும் செய்யாமல் விட்டதும்தான் வரிசையாக வரும். பில் மட்டும் லூகாஸ் பெயருக்கும் மீட்டர் செய்த ஸ்மித்ஸ் பெயருக்கும் போகிறது.

மீட்டர் வகையறாவை முதலில் பார்ப்போம். பழைய பெட்ரோல் மீட்டர்களில் இரண்டு குலம் உண்டு. எந்தக் குலம் என்று தெரிந்துகொள்ள எதையும் கழற்ற வேண்டாம். சாவியைத் திருப்பி முள்ளைப் பாருங்கள். உடனே துள்ளி எழுந்து, வண்டி குலுங்கும்போது கூடவே ஆடினால் அது காந்தச் சுருளால் இயங்கும் பழைய வகை. சாவி போட்டபின் நிதானமாக, அரை நிமிடம் போல எடுத்துக்கொண்டு மெல்ல ஏறி, பள்ளம் மேடு எதற்கும் அசையாமல் நின்றால் அது பைமெட்டல் வகை. பிரிட்டிஷ் வண்டிகளில் இந்த இரண்டாவது வகை 1960-களின் நடுவில் பரவலானது. அதற்குள் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு தகடும் அதன் மேல் சுற்றிய மெல்லிய கம்பியும் இருக்கும். கம்பியில் மின்சாரம் ஓடினால் சூடாகும். சூட்டில் தகடு வளையும். வளைவு முள்ளைத் தள்ளும். டேங்கில் பெட்ரோல் கூடினால் யூனிட்டின் தடை குறையும், மின்சாரம் கூடும், முள் ஏறும்.

சூட்டை நம்பி ஓடும் கருவிக்கு ஒரு பலவீனம் உண்டு. பாட்டரி வோல்டேஜ் நிலையாக இருப்பதில்லை. நின்ற வண்டியில் 12 சொச்சம், ஓடும் வண்டியில் 14-க்கு மேல். பெட்ரோல் அதேயளவு இருக்க, வோல்டேஜ் மாறினாலே முள் மாறிவிடும். இதைத் தடுக்கத்தான் டேஷ்போர்டுக்குப் பின்னால் தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு டப்பா வைத்தார்கள்: வோல்டேஜ் ஸ்டெபிலைசர். உள்ளே அதே பைமெட்டல் தகடு, அதே சூடேறும் கம்பி, கூட ஒரு ஜோடி பாயிண்ட். பாயிண்ட் சேர்ந்திருக்கும்போது பாட்டரி மின்சாரம் மீட்டர்களுக்குப் போகிறது, கம்பியும் சூடாகிறது. தகடு வளைந்து பாயிண்ட் விலகுகிறது. ஆறியதும் மறுபடி சேர்கிறது. இப்படி விட்டு விட்டுக் கொடுப்பதன் சராசரி 10 வோல்ட். பாட்டரி 12-இல் இருந்தாலும் 14.5-இல் இருந்தாலும் மீட்டர்கள் உணர்வது அந்த 10-ஐத்தான். டிரான்சிஸ்டர், ஐசி எதுவும் இல்லாமல் ஒரு தகடும் ஒரு கம்பியும் செய்த வேலை இது. இதைக் கேலி செய்பவர்கள் இதைப் போல் ஒன்றை யோசித்துக் காட்டட்டும்.

இந்த டப்பாவின் உள்ளே உள்ள சூட்டுக் கம்பியின் மறுமுனை டப்பாவின் உடம்போடு சேர்ந்திருக்கிறது. உடம்பு ஒரு ஸ்க்ரூ வழியாக டேஷ்போர்டு தகரத்தோடு சேர்கிறது. அந்த ஸ்க்ரூதான் எர்த். இப்போது நம் ஊர் நடைமுறைக்கு வாருங்கள். பழைய கார் வாங்கியவர் முதலில் செய்வது டிங்கரிங், பெயிண்டிங். டேஷ்போர்டைக் கழற்றி, பிரைமர் அடித்து, இரண்டு கோட் பெயிண்ட் ஏற்றி, பளபளவென்று திருப்பி மாட்டுகிறார்கள். ஸ்டெபிலைசர் ஸ்க்ரூ இப்போது பெயிண்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது. எர்த் இல்லை. எர்த் இல்லையென்றால் உள்ளே கம்பி சூடாகாது, தகடு வளையாது, பாயிண்ட் விலகவே விலகாது. பாட்டரியின் முழு வோல்டேஜும் மீட்டருக்குப் போய்விடும். 10-க்குப் பதில் 14 என்றால் சூடு வோல்டேஜின் இருமடிப்படி கூடும், ஏறத்தாழ இரட்டிப்பு. பாதி டேங்க் பெட்ரோல் முழு டேங்காகத் தெரியும். எஞ்சின் சாதாரணச் சூட்டில் இருக்கும்போதே டெம்பரேச்சர் முள் சிவப்பை நோக்கி நகரும்.

பெட்ரோல் முள்ளின் பொய்யால் வரும் சேதம் சின்னது. நடுவழியில் நின்றால் கேனைத் தூக்கிக்கொண்டு நடக்கலாம். டெம்பரேச்சர் முள்ளின் பொய்தான் வீட்டையே காலி செய்யும். முள் சிவப்பைத் தொடுகிறது என்றதும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிகிறார்கள். ரேடியேட்டரைக் கொடுத்து அடைப்பு எடுக்கிறார்கள். வாட்டர் பம்ப் மாற்றுகிறார்கள். அப்படியும் முள் இறங்கவில்லை என்றால் ஹெட் கேஸ்கெட். எஞ்சின் ஹெட்டை இறக்கி ஏற்றியபின்னும் முள் அதே இடத்தில் நிற்கும்போது, ஆயிரக்கணக்கில் செலவழித்த மனிதர் என்ன சொல்வார்? "மீட்டர் டூப்ளிகேட் சார்." பெயிண்டுக்கு அடியில் இருந்த ஒரு ஸ்க்ரூவைச் சுரண்டியிருந்தால் முடிந்திருக்கும் வேலை அது.

இதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு கேள்வி போதும்: ஒரு முள் தப்பாகக் காட்டுகிறதா, இரண்டும் சேர்ந்தா? பெட்ரோலும் டெம்பரேச்சரும் ஒரே நேரத்தில் மேலே போனால் ஸ்டெபிலைசரின் எர்த்தைப் பார். இரண்டும் சேர்ந்து செத்துக் கிடந்தால் ஸ்டெபிலைசரின் பாயிண்ட்டையும் அதற்கு வரும் மின்சாரத்தையும் பார். ஒன்று மட்டும் தவறு என்றால் அந்த ஒன்றின் யூனிட்டையும் ஒயரையும் பார். இரண்டு மீட்டர் ஒரே நாளில், ஒரே திசையில், ஒரே அளவில் கெட்டுப்போவது நடக்கிற காரியமா? இந்தச் சாதாரணக் கேள்வியைக் கேட்காமல்தான் இரண்டையும் கழற்றிக் குப்பையில் போடுகிறோம்.

சோதிக்கத் தெரியாமல் தள்ளுபடி செய்வது இன்னொரு வகை. கையில் டிஜிட்டல் மல்டிமீட்டர் வைத்திருக்கும் இளைஞர் ஸ்டெபிலைசரின் வெளியே வரும் முனையில் வைத்துப் பார்க்கிறார். 0, 12, 3, 12, 0 என்று எண்கள் குதிக்கின்றன. "பார்த்தீங்களா, கண்டபடி அடிக்குது, போயிடுச்சு" என்கிறார். போகவில்லை ஐயா, அது அப்படித்தான் வேலை செய்ய வேண்டும். அங்கே வைக்க வேண்டியது ஒரு டெஸ்ட் லேம்ப், இல்லை பழைய முள் வைத்த மீட்டர். பல்பு மின்னி மின்னி எரிந்தால் ஸ்டெபிலைசர் உயிரோடு இருக்கிறது. மின்னாமல் நிலையாக எரிந்தால் எர்த் இல்லை அல்லது பாயிண்ட் ஒட்டிக்கொண்டது. எரியவே இல்லையென்றால் பாயிண்ட் கருகியிருக்கிறது, அல்லது மின்சாரமே வரவில்லை.

டேங்க் பக்கம் வந்தால் இதைவிடப் பெரிய அநியாயம். மீட்டரை நிரூபிக்க எல்லாரும் செய்யும் சோதனை ஒன்று உண்டு: டேங்க் யூனிட்டுக்கு வரும் ஒயரைக் கழற்றிப் பாடியில் வைப்பது. பைமெட்டல் வகையில் அப்படி வைத்தால் முள் ஃபுல்லுக்குப் போகும். காந்தச் சுருள் வகையில் நேர் எதிர்: பாடியில் வைத்தால் முள் காலிக்கு விழும், ஒயரைச் சும்மா தொங்கவிட்டால் ஃபுல் காட்டும். ஒரு குலத்தின் சட்டத்தை இன்னொரு குலத்துக்குப் போட்டுப் பார்த்துவிட்டு "மீட்டர் உல்டாவா காட்டுது" என்று நல்ல மீட்டருக்குத் தூக்குத் தண்டனை கொடுப்பது ஒவ்வொரு ஊரிலும் நடக்கிறது. அதிலும் பைமெட்டல் மீட்டரின் ஒயரைப் பாடியில் வைத்துக்கொண்டு "ஏறுதா பாரு, ஏறுதா பாரு" என்று முன்னால் உட்கார்ந்திருப்பவரிடம் கத்திக்கொண்டே நின்றால், உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி கருகிவிடக்கூடும். சோதனையே கொலையாகிவிடும். நடுவில் ஒரு தடை வைத்துச் செய்ய வேண்டிய வேலை அது.

எர்த் கதை டேங்கிலும் தொடர்கிறது. டேங்க் பாடியோடு ஸ்ட்ராப்பால் கட்டப்பட்டிருக்கும். இடையில் ரப்பர், துரு, அண்டர்கோட்டிங். பாகூர் கொம்யூனின் கடலோரக் காற்றில் உப்பு இருக்கிறது. வண்டியின் அடிப்பாகத்தை அது சும்மா விடுவதில்லை. யூனிட்டின் உடம்பிலிருந்து சேசிஸுக்குத் தனியாக ஒரு கறுப்பு ஒயர் இழுத்துவிட்டால் பாதி நோயாளிகள் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

நம் ஊரில் பெட்ரோல் முள்ளுக்கு இன்னொரு முக்கியத்துவமும் இருக்கிறது. புதுச்சேரியில் வரி குறைவு என்பதால் பெட்ரோல் விலை தமிழ்நாட்டைவிடக் குறைவு. பாகூரும் வில்லியனூரும் கடலூர், விழுப்புரம் மாவட்டங்களோடு பின்னிக் கிடக்கும் எல்லைகள். அந்தப் பக்கத்து வண்டிகள் இந்தப் பக்கத்து பங்குகளில் நிரப்பிக்கொண்டு போவது அன்றாடக் காட்சி. எங்கே நிரப்புவது, அடுத்த பங்க் வரை தாங்குமா என்று கணக்குப் போட்டு ஓட்டும் ஊரில் இருந்துகொண்டு, "முள்ளைப் பார்த்து என்ன ஆகப் போகுது, குச்சி விட்டுப் பார்த்துக்கலாம்" என்பவர்களை என்னவென்று சொல்வது?

இனி கட்-அவுட். டைனமோ வைத்த வண்டிகளில் சார்ஜைக் கட்டுப்படுத்தும் லூகாஸ் பெட்டிகளில் இரண்டு நமக்குப் பழக்கம். ஆர்பி 106-இல் இரண்டு சுருள்: ஒன்று டைனமோவைப் பாட்டரியோடு சேர்த்து விலக்கும் கட்-அவுட், இன்னொன்று வோல்டேஜ் ரெகுலேட்டர். பிறகு வந்த ஆர்பி 340-இல் கரண்டைக் கட்டுப்படுத்த மூன்றாவது சுருளும் உண்டு. கடையில் பெட்டி முழுவதற்கும் கட்-அவுட் என்றுதான் பெயர்.

'சார்ஜ் ஏறலை, கட்-அவுட் போச்சு' என்று சொல்லும் கை பெட்டியைத் திறப்பதற்கு முன் டைனமோவைக் கேட்டதா? டைனமோவின் டி, எஃப் இரண்டு முனைகளிலும் உள்ள ஒயர்களைக் கழற்றி, முனைகளை ஒன்றாகக் கட்டி, அங்கிருந்து பாடிக்கு வோல்ட்மீட்டர் வைத்து எஞ்சினை மெதுவாக முடுக்க வேண்டும். முள் ஆடாமல் சீராக ஏறினால் டைனமோ நலம். 20 வோல்ட்டைத் தாண்ட விடக் கூடாது. ஏறவில்லையென்றால் கார்பன் பிரஷ்ஷையும் கம்யூட்டேட்டரையும் பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால் ஃபேன் பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். இந்த வரிசையில் கட்-அவுட் கடைசி ஆள். நாம் அவரை முதலில் பிடித்து உள்ளே வைக்கிறோம்.

பெட்டியைத் திறந்தபின் நடப்பது இன்னும் மோசம். மூடியைக் கழற்றியதும் கண்ணில் படும் ஸ்க்ரூவைத் திருகுவார்கள். லூகாஸ் கொடுத்த கணக்குப்படி கட்-அவுட் பாயிண்ட் 12.7-க்கும் 13.3-க்கும் இடையில் சேர வேண்டும். ஆர்பி 106-இன் ரெகுலேட்டர் 20 டிகிரி வெப்பத்தில் சுமார் 16 வோல்ட்டில் நிற்க வேண்டும். இந்த 16 என்ற எண்தான் எத்தனையோ பாட்டரிகளைக் கொன்றிருக்கிறது. அது பாட்டரி இணைக்கப்படாதபோது, கட்-அவுட் பாயிண்ட்டுகளுக்கு நடுவே ஒரு துண்டுக் காகிதம் செருகிவிட்டு அளக்க வேண்டிய எண். பாட்டரியோடு சேர்த்து வைத்து 16 வரும்வரை திருகினால் பாட்டரி கொதிக்கும், வாரம் தவறாமல் டிஸ்டில்டு வாட்டர் கேட்கும். மறுபக்கம், இன்றைய கார்களில் 14 என்று படித்தவர் காகிதம் செருகிவிட்டு 14-இல் நிறுத்தினால் பாட்டரி என்றைக்கும் நிறையாது. இரண்டு பேருமே கடைசியில் "கட்-அவுட் சரியில்லை" என்ற ஒரே முடிவுக்கு வருகிறார்கள். அரை நிமிடத்துக்குள் அளந்து முடிக்காவிட்டால் சுருள் சூடாகி எண் மாறிவிடும் என்பதையும், 20 டிகிரிக்கு மேல் வெப்பம் ஏற ஏற இந்த எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வைக்கச் சொல்லித் தயாரிப்பாளரின் பட்டியலே இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் வில்லியனூரில் போனட்டுக்கு அடியில் எந்தக் காலத்தில் 20 டிகிரி இருந்தது?

பாயிண்ட் சுத்தம் செய்வதிலும் முறை உண்டு. ரெகுலேட்டர் பாயிண்ட் டங்ஸ்டன், அதற்கு நைசான கார்போரண்டம் கல். கட்-அவுட் பாயிண்ட் வெள்ளி, அதற்கு மெல்லிய கிளாஸ் பேப்பர். எமரியால் தேய்த்தால் அதன் துகள் வெள்ளியில் பதிந்துகொள்ளும். நம்மிடம் இரண்டுக்கும் ஒரே உப்புத்தாள். டைனமோவைக் கழற்றி மாட்டியபின் அதன் துருவத்தைச் சரிசெய்ய எஃப் முனையைப் பாட்டரியால் ஒரு கணம் தொட்டுக் கொடுக்க வேண்டியிருக்கும். அதை மறந்துவிட்டுப் புது கட்-அவுட் வாங்கி மாட்டி, அதையும் கெடுத்தவர்கள் உண்டு.

ஆல்டர்னேட்டர் வைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஏசி போட்டு, தினமும் வாடகைக்கு ஓடும் வண்டிக்கு ஆல்டர்னேட்டர் நியாயமானது. ஐடிலிங்கில் டைனமோ சார்ஜ் கொடுக்காது என்பது உண்மை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போகும் வண்டிக்கு? லூகாஸ் சி40 வகை டைனமோவின் ஒரு வடிவம் 22 ஆம்பியர் கொடுக்கும். இரண்டு ஹாலஜன் ஹெட்லைட் 10 ஆம்பியர் சுற்றி. வைப்பர், இக்னிஷன், பின்விளக்கு எல்லாம் சேர்த்தாலும் இடம் மிச்சம். ஆல்டர்னேட்டர் மாட்டுபவர்கள் கவனிக்காத ஆபத்து ஒன்றும் இருக்கிறது. டேஷ்போர்டில் அம்மீட்டர் உள்ள வண்டியில், ஸ்டார்ட்டர் இழுப்பது தவிர, பாட்டரிக்குப் போய்வரும் கரண்ட் முழுவதும் அந்த மீட்டரின் முதுகிலுள்ள இரண்டு நட்டுகள் வழியாகத்தான் போகிறது. 30 ஆம்பியருக்குச் செய்த மீட்டருக்குள் அதைவிடப் பெரிய ஆல்டர்னேட்டரின் கரண்டை விட்டு, நட்டு லூஸாகவும் இருந்தால், டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒயர் உருகும். வசதிக்காகச் செய்த மாற்றம் தீயில் போய் முடியலாம். இது மட்டுமே மீட்டரைச் சுற்றிப் போகும் வழி ஒன்றைப் போட்டே ஆக வேண்டிய இடம் என்று ஒப்புக்கொள்கிறேன்.

"எல்லாம் சரிங்க, இதைச் செய்ய ஆள் எங்கே இருக்காங்க?" என்பார்கள். எதிர்க்கட்சியின் கடைசி வாதம் எப்போதும் இதுதான். காரை மட்டும் பார்த்துக்கொண்டு பேசுவதால் வரும் குருட்டுத்தனம் இது. வில்லியனூர், பாகூர் பக்கத்து ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைகள் என்றைக்குமே காரை நம்பிப் பிழைத்ததில்லை. அரியூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு இழுத்த டிராக்டர்கள், நெல் வயலில் சேறு குடித்த டிராக்டர்கள், திருவொற்றியூரில் பிறந்த புல்லட்டுகள், டெம்போக்கள். புல்லட்டின் ஹெட்லைட் மேலேயே அம்மீட்டர் உட்கார்ந்திருந்தது. அதன் முள் ஆடுவதைப் பார்த்தே சார்ஜ் வருகிறதா என்று சொல்லும் ஆட்கள் கிராமத்துக்கு நாலு பேர் இருந்தார்கள். பழைய டிராக்டரிலும் அதே டைனமோ, அதே கட்-அவுட். ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் ஆர்பி 106 பெட்டியை நீட்டிப் பாருங்கள். அவர் கை தானாக மூடிக் கொக்கியைத் தேடும். ஆள் இல்லை என்று சொல்வது, அவர்களிடம் கேட்காமல் சென்னைக்கு வண்டியை ஏற்றி அனுப்புகிறவர்களுக்கு வசதியான பதில்.

உதிரிபாகம் பற்றிய புலம்பலும் இதே ரகம். சென்னை புதுப்பேட்டையும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் இருக்கின்றன. மீட்டர் செய்யும் தொழில் கோயம்புத்தூரில் பிரிகால் வழியாக 1970-களிலிருந்து தமிழ்நாட்டில் வேரூன்றியது. இதெல்லாம் கூட வேண்டாம். ஸ்டெபிலைசர் உண்மையாகவே செத்திருந்தால், சென்னை ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் 7810 என்ற மூன்று கால் ஐசி 10 வோல்ட்டை நிலையாகக் கொடுக்கும். பழைய டப்பாவின் உள்ளிருப்பதை எடுத்துவிட்டு இதை உள்ளே வைத்து, நடுக்காலை எர்த் செய்து, இரண்டு கெப்பாசிட்டரைப் பற்றவைத்தால் வேலை முடிந்தது. பாட்டரியின் நெகட்டிவ் பாடிக்குப் போகும் வண்டிக்குத்தான் 7810. அறுபதுகள் வரை வந்த பல பிரிட்டிஷ் வழி வண்டிகளில் பாசிட்டிவ்தான் பாடிக்கு; அவற்றுக்கு 7910 வேண்டும். 7810-க்கு உள்ளே வரும் வோல்டேஜ் 10-ஐவிட இரண்டு வோல்ட்டாவது கூட இருக்க வேண்டும். பாட்டரி தளர்ந்திருந்தால் எஞ்சின் ஓடாதபோது முள் கொஞ்சம் தணிந்து நிற்கும். எஞ்சின் ஓடியதும் சரியாகிவிடும்.

இந்த இடத்தில் எதிர்ப்புறத்திலிருந்தும் ஒரு குரல் எழும். அசல் பிரியர்கள். ஐசி வைத்தால் வண்டியின் கற்பு போய்விடும் என்பவர்கள். 2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 'வின்டேஜ்' பதிவும் 'விஏ' எழுத்து கொண்ட எண்ணும் கொடுக்க வழி செய்தது. அது தடுப்பது சேசிஸிலும் பாடியிலும் எஞ்சினிலும் செய்யும் பெரிய மாற்றங்களை. டப்பாவுக்குள் மறைந்திருக்கும் மூன்று கால் பூச்சியை அல்ல. அசலைக் கெடுப்பது டயலைக் கழற்றி எறிந்து அந்த ஓட்டையில் நீல வெளிச்சம் அடிக்கும் டிஜிட்டல் பெட்டியைத் திணிப்பதுதான். வேடிக்கை என்னவென்றால், ஐசியைக் கண்டு முகம் சுளிக்கும் சிலர் அதைச் செய்யக் கூச்சப்படுவதில்லை.

டிஜிட்டல் என்றால் உண்மை பேசும் என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். ஓட்டை எர்த்தும் அரித்துப்போன டேங்க் யூனிட்டும் அப்படியே இருக்க, முன்னால் மட்டும் எண் எழுதும் பெட்டியை வைத்தால், அது அதே பொய்யை ஒரு தசமப் புள்ளியோடு சொல்லும். புதுக் கார்களை எடுத்துக்கொள்ளுங்கள். பலவற்றில் டெம்பரேச்சர் முள் என்பதே இல்லை. சூடு எல்லை மீறியதும் ஒரு சிவப்பு விளக்கு எரியும், அவ்வளவுதான். முள் இருக்கும் வண்டிகளிலும் கணினி நடுவில் புகுந்து, ஒரு பெரிய வெப்ப இடைவெளி முழுக்க முள்ளை நடுவிலேயே பிடித்து வைத்திருக்கும், ஓட்டுநர் பதறக் கூடாது என்று. தெர்மோஸ்டாட் திறக்கும்போது கொஞ்சம் இறங்கி, மேடு ஏறும்போது கொஞ்சம் ஏறி, உள்ளதை உள்ளபடி காட்டும் அந்தப் பழைய முள்ளைத்தான் நாம் நம்ப முடியாதது என்கிறோம்.

வெள்ளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 நவம்பர் 30 அன்று கரை கடந்த ஃபெங்கல் புயல் புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருகி பாகூர்ப் பக்கம் ஊருக்குள் தண்ணீர் வந்தது. தண்ணீர் புகுந்த வண்டியின் மீட்டரைத் தூக்கிப் போடு என்பதே அப்போது பொது ஆலோசனை. பாட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, மீட்டரைப் பிரித்து நிழலில் உலர்த்தி, டெர்மினல்களைச் சுத்தம் செய்து, டேங்க் யூனிட்டை வெளியே எடுத்து அதன் கம்பிச் சுருளில் துரு ஏறியிருக்கிறதா என்று ஓம் மீட்டரால் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை பார்த்தால், பிழைப்பவை நிறைய. மீட்டரைப் பிரிப்பவருக்கு ஓர் எச்சரிக்கை: நாற்பது, ஐம்பதுகளில் வந்த டயல்களில் இருட்டில் ஒளிர ரேடியம் கலந்த பூச்சு இருந்திருக்கக்கூடும். அந்த எழுத்துகளைச் சுரண்டவோ ஊதவோ வேண்டாம்.

மீட்டர் சாகவே சாகாது என்று நான் சாதிக்கவில்லை. பைமெட்டல் மீட்டரின் இரண்டு முனைகளிலும் ஓம் மீட்டர் வைத்துப் பாருங்கள். சில பத்து ஓம் காட்டினால் உள்ளே கம்பி உயிரோடு இருக்கிறது. முள் கொஞ்சம் தள்ளி நிற்பதுதான் குறை என்றால், ஸ்மித்ஸ் மீட்டரின் முதுகில் சின்ன ஓட்டைகள் இருக்கும். உள்ளே காலியையும் ஃபுல்லையும் தனித்தனியாகத் திருத்தும் பற்கள். செய்தவனே திருத்த வழி வைத்துத்தான் அனுப்பினான். ஓம் மீட்டர் எதுவுமே காட்டாமல் திறந்த சுற்று என்றால் கம்பி அறுந்துவிட்டது. அப்போது மாற்றுங்கள். அப்போதும் அதே வகை மீட்டரைத் தேடி, மாட்டுவதற்கு முன் ஸ்டெபிலைசரின் ஸ்க்ரூவுக்கு அடியில் பெயிண்ட்டைச் சுரண்டிவிட்டு மாட்டுங்கள். இல்லையென்றால் அடுத்த மாதம் புது மீட்டரின் மேலும் இதே பழி விழும்.